முடிச்சு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

கையால் முடிச்சு போட்டுச் சாயம் ஏற்றிய மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தூரத்தில் வட்டமாகத் தெரிந்தது கிட்டத்தில் வட்டம் இல்லை. மூலை மழுங்கிய சதுரம். அதன் நடுவில் சேலையின் நிறமே ஒரு சின்னப் பொட்டாகத் திரும்ப வந்திருக்கும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை இராது. இளஞ்சிவப்பாக ஒரு கரை மெல்லக் கரைந்துபோகும். புதுச்சேலை என்றால் அந்த இடத்தில் துணி லேசாகக் குமிழ்ந்தும் நிற்கும். பக்கத்துப் புள்ளியும் இப்படித்தான் இருக்கும், ஆனால் இதன் அச்சு அசலான நகலாக இராது.

இந்த அடையாளங்களில் ஒன்றைக்கூட யாரும் முதலில் தாளில் வரைந்து, பிறகு துணியில் கொண்டுவந்திருக்க முடியாது. நூலும் நகமும் தண்ணீரும் சாயமும் சேர்ந்து தந்த விளைவுகள் இவை. அவற்றைக் கவனித்தவர்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்கி எடுத்து, அதிலிருந்து ஒரு வடிவமரபையே கட்டினார்கள். கலைஞரின் மனத்தில் எண்ணம் முழுசாகப் பிறக்கிறது, பொருள் அதற்குக் கீழ்ப்படிகிறது என்றுதான் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்கிறோம். சுங்குடியில் நடப்பது வேறு. பொருளைக் கையாண்டு பார்த்து, அது தரும் பதிலிலிருந்து அடுத்த எண்ணத்துக்குப் போவதுதான் இங்கே வழி. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுதான்.

நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து, மகாலைச் சுற்றிய தெருக்களில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை இது. பட்டு நெசவில் பேர் எடுத்த சமூகம், மதுரை வெயிலுக்கு ஏற்ற பருத்தியில் முடிச்சுச் சாயத்தை நிலைநிறுத்தியது. 2005ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுச் சாயம் மதுரைக்கு மட்டும் உரியதல்ல. குஜராத்தில் பாந்தினி, ஜப்பானில் ஷிபோரி என்று உலகின் பல மூலைகளில் இந்த உத்தி தனித்தனியே செழித்தது; இன்காக்களுக்கு முந்தைய பெரு நாட்டிலும் முடிச்சுச் சாயத் துணிகள் கிடைத்திருக்கின்றன. துணி, நூல், சாயம் மூன்றும் இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் கட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

முடிச்சு விழும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கோடித் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். அது போகும்வரை அலசிக் காயவைக்க வேண்டும். துணியை மடித்து, புள்ளிகளுக்குக் குறி வைக்கிறார்கள். வீட்டு வாசலில் அமர்ந்து முடிச்சு போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடது கை விரல்நகம் குறி உள்ள இடத்தில் துணியின் ஒரு நுனியை நிமிண்டி எடுக்கிறது. வலது கை அதன் கழுத்தில் நூலைச் சில சுற்று இறுக்கமாகச் சுற்றுகிறது. நூலை அறுக்காமலே அடுத்த நுனிக்குப் போகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயம் ஏறிக் காய்ந்தபின் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று விட்டுப்போகும்.

பூதக்கண்ணாடியில் பார்த்ததற்கெல்லாம் இங்கே விடை இருக்கிறது. நெசவுத் துணியில் பாவும் ஊடும் செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் இளகிக் கொடுக்கும். நிமிண்டி எடுத்த நுனி கூம்பாகும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மடிவதில்லை. ஆகவே நூல் சுற்றிய வளையம், துணியை விரித்தபின் வட்டமாகத் திறக்காமல் சதுரச் சாயலில் திறக்கிறது. நூல் சுற்றுக்கு மேலே மூடாமல் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சாயம் பட்டதால் நடுவில் அந்தப் பொட்டு. நுனி முழுதையும் நூலால் மூடிவிட்டால் பொட்டு வராது. நகம் எவ்வளவு துணியை எடுக்கிறது, சுற்று எங்கே தொடங்குகிறது என்ற இரண்டை மாற்றினாலே வெறும் புள்ளி, வளையம், பொட்டு வைத்த வளையம் என்று மூன்று எழுத்துகள் கிடைத்துவிடுகின்றன. வாசலில் கோலப்புள்ளி வைத்துப் பழகிய கைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கரைந்துபோகும் அந்த இளஞ்சிவப்புக் கரைக்குக் காரணம் இன்னும் சுவையானது. பருத்தி நூல் என்பது நூற்றுக்கணக்கான இழைகள் முறுக்கிய கற்றை. இழைகளுக்கு நடுவே மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அகல்விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அந்த இடைவெளிகள் சாயநீரை முடிச்சுக்குள் இழுக்கின்றன. நுண்புழை ஏற்றம் என்பது இதுதான். சாயம் ஊடுருவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: இரண்டு மடங்கு உள்ளே போக நான்கு மடங்கு நேரம் ஆகும். தொடக்கத்தில் வேகம், பிறகு மந்தம். எனவே சாயத்தொட்டியில் முதல் சில நொடிகள்தான் புள்ளியின் தலையெழுத்தை எழுதுகின்றன.

இதற்குச் சாயக்காரர்கள் கண்ட மாற்று மிக எளிமையானது. முடிச்சிட்ட துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். இடைவெளிகளில் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் இழுப்பதற்கு இடம் இல்லை. இனிச் சாயம் உள்ளே போக ஒரே வழி, மூலக்கூறு மூலக்கூறாகத் தண்ணீருக்குள் பரவுவதுதான். அதற்கு நேரம் பிடிக்கும். நனைத்த துணியில் புள்ளி கூர்மையாக நிற்கிறது. உலர்ந்த துணியில் கரை மலர்ந்து பரவுகிறது. இரண்டில் எது சரி என்று கேட்கக் கூடாது. எது வேண்டும் என்பது கட்டுகிறவர் முடிவு.

பொருள் தானே வரையும் என்பதை ஐரோப்பாவில் ஒரு வேதியியலாளர் நூலாகவே வெளியிட்டார். நிலக்கரித் தாரிலிருந்து அனிலினை 1834ல் பிரித்தெடுத்த ஜெர்மானியர் ஃப்ரீட்லீப் ருங்கே, ஒற்றுத்தாளில் வெவ்வேறு உப்புக்கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கரைசல்கள் தாளில் ஊறி, சந்தித்து, வினைபுரிந்து, பூவும் கண்ணும் சூரியனுமாக வளையங்கள் விரிந்தன. அந்தத் தாள்களையே ஒட்டி 1855ல் ஒரு நூல் கொண்டுவந்தார். பொருள்களுக்கு உருவெடுக்கும் உந்துதல் ஒன்று இருக்கிறது என்பது அவர் கட்சி. அப்படி ஓர் உந்துதல் இல்லை என்று இன்று தெரியும். நுண்புழை ஏற்றமும் வேதிவினையும் போதும். ஆனால் அந்தப் படங்களில் விதை கொண்டிருந்த முறை பின்னாளில் நிறப்பகுப்பியல் என்ற பெரும் ஆய்வுமுறையாயிற்று. சொட்டுக் கரைசல் எங்கே நிற்கிறது என்று ருங்கே பார்த்த அதே பார்வையைத்தான் மகால் தெருப் பெண்கள் முடிச்சின் விளிம்பில் செலுத்தினார்கள். அவர்கள் கண்டது நூலாக அச்சாகவில்லை, சேலையாக நின்றது.

முடிச்சு கலைஞரை ஒருவிதமாகத் திருப்பிச் சிந்திக்கவும் வைக்கிறது. ஓவியர் வேண்டிய இடத்தில் நிறம் வைக்கிறார். சுங்குடியில் நிறம் வேண்டாத இடத்தைக் கட்டுகிறோம். வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி இரண்டும் சிவப்புத் தரையில் வேண்டுமானால், வெள்ளை நிற்க வேண்டிய இடங்களை முதலில் கட்டி, துணி முழுதையும் மஞ்சளில் தோய்க்க வேண்டும். பிறகு மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களைக் கட்டி, சிவப்பில் தோய்க்க வேண்டும். வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு ஒருவழிப் பாதை. மஞ்சள்மேல் விழுந்த சிவப்பு தனிச் சிவப்பாக இராது, செம்மஞ்சள் சாயல் கலந்தே வரும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லா முடிச்சும் அவிழும்வரை சேலை கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்தக் கணக்கு முழுதும் மனத்துக்குள்ளேதான் நடக்கிறது.

சாயத்தின் கதைக்கு வருவோம். தமிழகத்தின் பழஞ்சிவப்பு, மணற்பாங்கான கடலோரங்களில் விளையும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. சாயவேர் என்றே அதற்குப் பெயர். மதுரை, ராமநாதபுரம் சமவெளிகளில் எங்கும் நிற்கும் மஞ்சணத்தி, அதாவது நுணா, அதன் வேரும் சிவப்புத் தரும். வேரைக் கொதிக்கவைத்துத் துணியை முக்கினால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்; இரண்டு அலசலில் போய்விடும். சாயவேரின் நிறப்பொருளான அலிசரினுக்குப் பருத்தியோடு நேரடி ஒட்டுதல் குறைவு. இடையில் ஒரு பாலம் வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம்தான் அந்தப் பாலம். ஆனால் படிகாரமும் பருத்தியில் எளிதில் தங்காது. கடுக்காயின் துவர்ப்புப்பொருள் இழையில் ஏறி, அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எண்ணெயும் சாம்பலும் வந்து சேர்ந்தது இந்த வரிசையில் மிக வியப்பான கட்டம். தாவரச் சாம்பலைக் கரைத்துத் தெளித்த காரநீரில் எண்ணெயைக் கலக்கினால் பால்போல் ஒரு குழம்பு கிடைக்கும். நூலை அதில் தோய்த்து வெயிலில் உலர்த்தி, மறுபடி தோய்த்து, மறுபடி உலர்த்தி, நாள்கணக்கில் செய்தார்கள். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் இழையில் ஊறிப் பதிந்து, பின்னால் வரும் அலுமினியத்தைக் கெட்டியாகப் பற்றின. தண்ணீரை விலக்கும் அந்தக் கூட்டணியில் அமர்ந்த சிவப்பு, வெளுப்புக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. கொழுப்பு அமிலம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இதைக் கண்டடைந்தவர்கள், எத்தனை எண்ணெயை, எத்தனை சாம்பலைச் சோதித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வழிவழி வந்த அறிவு என்று ஒரே சொல்லில் அதைக் கடந்துபோவது எனக்குப் பிடிப்பதில்லை. அது சோதித்துப் பெற்ற அறிவு.

தென்னிந்தியத் துணி ஓவியர்களின் முறைகளைக் கேட்டறிந்து, கெர்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1742ல் ஐரோப்பாவுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பதை அதில் சொல்கிறார். கடுக்காய் சரி, பால் எதற்கு? பாலின் கொழுப்பும் புரதமும் இழை இடைவெளிகளை அடைத்து, எழுதுகோலிலிருந்து இறங்கும் மை பரவாமல் தடுக்கின்றன. முடிச்சுக்காரர் தண்ணீரால் தீர்த்த அதே சிக்கலை, எழுதுகிறவர் பாலால் தீர்த்திருக்கிறார்.

வைகைத் தண்ணீரில் தோய்த்தால்தான் சிவப்பு சுடர்விடும் என்ற நம்பிக்கை மதுரைச் சாயக்காரர்களிடம் நெடுங்காலம் உண்டு. இது ஊர்ப்பெருமை மட்டும்தானா? வேதியியல் வேறு சொல்கிறது. பருத்தியில் அமரும் அலிசரின் சிவப்பில் அலுமினியத்தோடு கால்சியமும் பங்குபெறுகிறது. கால்சியம் குறைந்த மென்னீரில் நிறம் மங்கும்; ஐரோப்பியச் சாயக்காரர்கள் அத்தகைய நீரில் சுண்ணாம்புப்பொடியைச் சேர்த்தே வேலை செய்தார்கள். தண்ணீருக்குத் தண்ணீர் சிவப்பு மாறும் என்று சாயக்காரர் கண்ணால் கண்டு சொன்னதில் பிழையே இல்லை.

1868ல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினார்கள். மறு ஆண்டு பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு நாள் பின்னால் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கின் விண்ணப்பித்தார். மலிவான செயற்கை அலிசரின் உலகெங்கும் பரவி, சாயவேர் தோண்டும் தொழிலை ஒடுக்கியது. அதே பெர்க்கினின் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், 1890களில் ஹம்மல் என்பவருடன் சேர்ந்து நம் சாயவேரைப் பகுத்தாய்ந்தார். தந்தை ஆலையில் ஆக்கிய மூலக்கூறும் மகன் நம் வேரில் கண்டதும் ஒன்றே. வேரில் அதனுடன் நெருங்கிய சேர்மங்கள் சிலவும் கூட இருந்தன, அவ்வளவே. இயற்கைச் சாயம் என்றாலே நல்லது, ரசாயனம் என்றாலே கெட்டது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம். எந்த மூலக்கூறு, எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அலிசரின் மாறியபோது உத்தி மாறவில்லை. அதே படிகாரம், அதே எண்ணெய். 1912ல் வந்த நாப்தால் ஏஎஸ் வகைச் சாயங்கள்தான் உத்தியையே மாற்றின. துணியை முதலில் நாப்தால் கரைசலில் தோய்க்கிறார்கள். அப்போது நிறம் ஏதும் பெரிதாகத் தெரியாது. பிறகு டயசோ உப்புக் கரைசலில் போட்டதும் இழைக்குள்ளேயே சாயம் பிறக்கிறது, கண்ணெதிரே, அந்த நொடியே. சூடு தேவையில்லை. டயசோ உப்பு சூட்டில் சிதையும் என்பதால் குளிர்ச்சிதான் வேண்டும்.

சூடு வேண்டாத சாயம் வந்ததும் மெழுகுக்குக் கதவு திறந்தது. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாரஃபின் மெழுகு சுமார் 50, 60 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிக்கும் சாயத்தொட்டியில் அதற்கு வேலையில்லை. குளிர்ந்த தொட்டியில் திடமாக நிற்கும். கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுத்துவிடலாம். இதனால் சுங்குடியின் கற்பனையே இடம் மாறியது. முடிச்சால் கோடு வரையச் சிரமம். கொடி, இலை, அன்னம் எல்லாவற்றையும் புள்ளிகளால்தான் சொல்லியாக வேண்டும். மெழுகோ கோட்டையும் கொடியையும் கேட்டவுடன் கொடுத்தது. கூடவே கேட்காத ஒன்றையும் கொடுத்தது: மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் புகுந்து நரம்புபோல் ஓடும் மெல்லிய வரிகள். பாரஃபின் எளிதில் நொறுங்கும், தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். இரண்டையும் என்ன அளவில் கலக்கிறோம் என்பதே விரிசலைக் கூட்டவும் குறைக்கவும் பிடி. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே 1966ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகுச் சாய வேலையான பத்திக் துணிகளை விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. சுவரில் மாட்டும் ஓவியத்தின் மனிதர்கள் மெழுகோடும் சாயத்தொட்டியோடும் பிழைத்த காலம் அது.

பின்னர் வந்த சோதனை கசப்பானது. நாப்தால் சாயங்களும் அடங்கிய ஆஸோ சாயங்களில் சில, உடையும்போது புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அமீன்களைத் தருபவை என்று தெரிந்தது. ஜெர்மனி 1994ல் அவற்றுக்குத் தடை விதித்தது, இந்தியாவும் தடை செய்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீயும் ஸ்டீபனும் கண்டறிந்து 1956ல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டன. இவை பாலத்தை நம்புவதில்லை. சலவைச் சோடாவின் காரத்தில் பருத்தியின் மூலக்கூறோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்கின்றன. நிறம் பளிச்சென்று நிற்கும். ஆனால் முடிச்சுக்காரருக்கு இதில் இரண்டு தொல்லைகள். துணி தொட்டியில் நெடுநேரம் ஊற வேண்டும். நேரம் கூடக்கூடச் சாயம் முடிச்சுக்குள் நகரும். நூலை இன்னும் இறுக்கிச் சுற்றியாக வேண்டும். அடுத்தது தண்ணீர். சாயவேர்ச் சிவப்புக்குத் துணைநின்ற அதே கால்சியம், ரியாக்டிவ் சாயத்தைத் திரியவைத்து நிறத்தைத் திட்டுத்திட்டாக்கும். போதாக்குறைக்கு லிட்டருக்குப் பல கிராம் உப்பும், துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயமும் கழிவில் போகின்றன. பெரும்பகுதி வறண்டே கிடக்கும் வைகைக்கு இது தாங்காது. உப்பைக் குறைப்பதும் கழிவைத் திரும்பப் பயன்படுத்துவதும் இனிச் சுங்குடியின் கலைச்சிக்கல்களுள் ஒன்றுதான். அதைச் சாயப்பட்டறைக்காரரின் தலைவலி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

திரை அச்சில் புள்ளி போட்ட சேலை இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்க வசதியில்லாதவர்களும் உடுத்தலாம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்பதுதான் வருத்தம். கையால் கட்டுகிறவர்களின் கூலியில் அது விழுகிறது. ஒரு பெண்மணி முடிச்சு போடுவதை விட்டுவிட்டால் ஒரு வேலை மட்டும் போவதில்லை. திரையில் நூறாவது புள்ளியும் முதல் புள்ளியைப் போலவே விழும், புதிதாக ஏதும் சொல்லாது. முடிச்சில் ஒவ்வொன்றும் ஒரு சிறு சோதனை. அதைப் படித்துப் பழகிய கண் போய்விட்டால் திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை பிடிக்கும்.

இந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு மூடிவைக்காமல் கையால் செய்துபாருங்கள். பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு மூன்று துண்டுகள். சோப்புப் போட்டு நன்றாக அலசிக் காயவையுங்கள். ஒன்றைப் படிகாரக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி உலர்த்துங்கள். ஒவ்வொரு துண்டிலும் கடுகு, உளுந்து, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக் கட்டுங்கள். தானியம் வைக்காமல் நகத்தால் எடுத்தும் சில முடிச்சுகள் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். படிகாரம் படாத இரண்டில் ஒன்றை உலர்ந்தபடியும் மற்றதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தும் தொட்டியில் போடுங்கள். படிகாரத் துண்டு உலர்ந்தே போகட்டும். பத்து நிமிடம் கழித்து எடுத்து அலசி, நிழலில் காயவையுங்கள்.

முடிச்சை அவிழ்க்குமுன் ஒவ்வொரு புள்ளியும் எப்படி வரும் என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். பிறகு அவிழ்த்து, தாளையும் துணியையும் அருகருகே வையுங்கள். ஒரு மூலையைச் சலவைச் சோடாக் கரைசலில் தொட்டால் மஞ்சள் சிவந்துபோகும். எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பி வரும். ஒவ்வொரு துண்டிலும் பாதியை அட்டையால் மூடி வெயிலில் சில நாள் போட்டுவைத்தால், மஞ்சள் சாயம் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது என்பதும், படிகாரம் அதில் ஏதாவது வித்தியாசம் செய்கிறதா என்பதும் தெரியும். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சுற்றின் எண்ணிக்கையை, அல்லது நேரத்தை, அல்லது தண்ணீரை. குழாய்த்தண்ணீரில் ஒரு துண்டும் மழைத்தண்ணீரில் ஒரு துண்டும் தோய்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது.